பஞ்சுத் தூசியும் திங்கட்கிழமை இளைப்பும்

பஞ்சு மில்லில் பல ஆண்டு வேலை பார்த்தவர் மூச்சு வாங்குகிறது என்று வந்தால் மருத்துவர் அவரிடம் கிழமையைக் கேட்க வேண்டும். நெஞ்சு இறுகுவது எந்த நாளில்? லீவு முடிந்து மில்லுக்குள் நுழையும் அன்றா, வாரக் கடைசியிலா? இந்த ஒரு விவரத்தில்தான் பிசினோசிஸ் என்னும் பஞ்சுத்தூசி நுரையீரல் நோய் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது.

விடுப்பு கழிந்த முதல் நாள், ஷிப்ட் தொடங்கிச் சில மணி நேரத்தில் மார்பு இறுகும். வறட்டு இருமல் வரும். மூச்சு முழுதாக இறங்காது. மறுநாள் தணிந்துவிடும். வாரம் முடிவதற்குள் ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். அடுத்த லீவுக்குப் பிறகு மறுபடி அதே கதை. வேலையிடத்தில் வரும் சாதாரண ஆஸ்துமா இதற்கு நேர்மாறு. அது வாரம் போகப்போகக் கூடும். ஆண்டுகள் செல்லச்செல்ல இந்த முதல்நாள் இறுக்கம் இரண்டாம் நாளுக்கும் மூன்றாம் நாளுக்கும் நீளும். பிறகு எல்லா நாளும் இருக்கும். கடைசியில் மில்லை விட்டு நின்ற பிறகும் மாடிப்படி ஏற முடியாத ஆளாக மனிதர் மாறிவிடுவார். 1950களில் இங்கிலாந்தின் லங்காஷயர் மில்களில் ஆய்வு செய்த ரிச்சர்டு ஷில்லிங் இந்தப் படிநிலையைத்தான் தரங்களாக வகுத்தார். இன்றுவரை உலக மருத்துவர்கள் கையாள்வது பெரும்பாலும் அவர் வகுத்த தரங்களையே.

கிழமையைப் பற்றிய இந்தக் கேள்வியை வெள்ளகோவிலில் கேட்க வேண்டிய காரணம் அந்த ஊரின் தொழிலிலேயே இருக்கிறது. திருச்சி – கோவை நெடுஞ்சாலையில் கரூருக்கும் காங்கேயத்துக்கும் இடையில் இருக்கும் இந்த நகராட்சியைச் சுற்றி எண்ணெய் ஆலைகளும் விசைத்தறிக் கூடங்களும் நூல் மில்களும் நிறைந்திருக்கின்றன. நூல் மில்களில் பெரும்பங்கு ஓ.இ. மில்கள். ஓப்பன் எண்ட் என்னும் ரோட்டார் முறையில் நூல் நூற்பவை. இவற்றின் மூலப்பொருளில் பெரும்பகுதி மற்ற மில்களின் கழிவு: கோம்பரிலிருந்து விழும் குட்டை இழை, பஞ்சைச் சீவும் கார்டிங்கின் கழிவு, பஞ்சைப் பிரித்துத் தூய்மையாக்கும் புளோரூமின் கழிவு. அதோடு திருப்பூர் பனியன் கம்பெனிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் கட்டிங் வேஸ்ட். வெட்டுத் துணியை நிறம் பிரித்து, கிழித்து, மறுபடி இழையாக்கி, பருமனான நூலாகச் சுற்றி அனுப்புகிறார்கள். போர்வை, துண்டு, மிதியடி, சாயம் போடத் தேவையில்லாத கலர் நூல் எல்லாம் அதிலிருந்து வருகின்றன.

சுற்றுச்சூழல் நோக்கில் இது பெரிய காரியம். சாயக்கழிவால் நொய்யல் ஆறு கெட்ட கதையும், 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன சென்னை உயர்நீதிமன்ற உத்தரவும் கொங்கு நாட்டில் யாருக்கும் மறக்கவில்லை. சாயமே போடாமல் கலர் நூல் கிடைக்கிறது என்றால் அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் மறுசுழற்சியின் பெருமையைப் பேசுகிறவர்கள் மிச்சமான தண்ணீரைக் கணக்கிடுகிறார்கள். கிழிக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கிறவரின் மூச்சைக் கணக்கிடுவதில்லை. ஆற்றில் ஓடிய சிவப்புத் தண்ணீரை எல்லோரும் பார்த்தார்கள். நுரையீரலுக்குள் இறங்கும் தூசியை யாரும் பார்ப்பதில்லை.

இந்தத் தூசியின் கதை பழையது. நார் சிக்கெடுக்கும் தொழிலாளருக்கு ஓயாத இருமலும் இளைப்பும் வருவதை இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாஸினி, 1700-இல் வெளியிட்டு 1713-இல் விரிவாக்கிய தொழில்நோய் நூலிலேயே எழுதிவிட்டார். அவர் கண்டது ஆளிநாரும் சணலும். நீராவி இயந்திரம் வந்து மான்செஸ்டரில் பஞ்சாலைகள் பெருகியபோது, 1831-இல் ஜேம்ஸ் பிலிப்ஸ் கே அதே நோயைப் பஞ்சாலைத் தொழிலாளரிடம் விவரித்தார். 1877-இல் பாரீஸ் மருத்துவர் அத்ரியான் புரூஸ்ட் அதற்கு இன்றுள்ள பெயரைக் கொடுத்தார். நாவலாசிரியர் மார்செல் புரூஸ்டின் தந்தை அவர். இவ்வளவு தெரிந்தும் பிரிட்டன் இதற்கு இழப்பீடு கொடுக்க 1940-இல்தான் தனிச் சட்டம் கொண்டுவந்தது. அதுவும் 20 ஆண்டு தூசியில் உழைத்து முற்றிலும் முடங்கியவருக்கு மட்டும்.

ஷில்லிங்கின் ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. மென்மையான உயர்ரக நூல் நூற்ற மில்களைவிட, மட்டமான பஞ்சில் பருமனான நூல் நூற்ற மில்களில்தான் நோய் அதிகம் இருந்தது. பஞ்சு மட்டமாக ஆக, அதில் இலைத்தூளும் காய்த்தோலும் கூடுகின்றன. வெள்ளகோவிலின் ஓ.இ. மில்கள் நூற்பதும் பருமனான நூலைத்தான்.

தூசியில் எது நோயைத் தருகிறது என்பதில் நீண்டகாலம் வாதம் நடந்தது. வெள்ளை வெளேரென்று பறக்கும் இழை கண்ணுக்குத் தெரிவதால் அதையே எல்லோரும் குற்றவாளியாக நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். ஆழமாக இறங்குவது கண்ணுக்குத் தெரியாத நுண்தூசி. பருத்திக் காயைத் தாங்கி நிற்கும் சிற்றிலைகள் காய்ந்து நொறுங்கிப் பஞ்சோடு வருகின்றன. அவற்றின்மேல் வளரும் ஒருவகைப் பாக்டீரியாவின் மேலுறையில் எண்டோடாக்சின் என்ற நச்சு இருக்கிறது. பாக்டீரியா செத்தாலும் இந்த நச்சு சாகாது. மூச்சுக்குழல்களை வீங்கச் செய்து சுருக்கும். 1942-இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையினர் கிராமங்களில் மெத்தை தைத்தவர்களுக்குத் திடீரெனக் காய்ச்சலும் நெஞ்சிறுக்கமும் வந்ததை ஆராய்ந்தபோது, அவர்கள் பயன்படுத்திய கறைபடிந்த மட்டப் பஞ்சில் அப்படியொரு பாக்டீரியாவையே கண்டார்கள்.

அதனால் பஞ்சு எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். வெளுத்துச் சாயமேற்றிய பனியன் துணி ஏற்கெனவே பலமுறை கழுவப்பட்டது. கழுவிய பஞ்சில் எண்டோடாக்சின் வெகுவாகக் குறையும். ஆகவே கட்டிங் வேஸ்ட் கிழிக்கும் இடத்துத் தூசியும் கார்டிங் கழிவின் தூசியும் ஒன்றல்ல. முதலாவதில் நொறுங்கிய இழையும் சாயத் துகளும் இருக்கலாம்; இரண்டாவதில் பருத்திச் செடியின் சிதைவும் பாக்டீரியாவும் இருக்கும். ஒரே கூரையின்கீழ் இரண்டும் கலக்கின்ற மில்லில் "பஞ்சுத்தூசி" என்று ஒரே சொல்லால் முடித்துவிடக் கூடாது.

நோய் இருக்கிறதா என்பதே அமெரிக்காவில் பெரிய சண்டையாக இருந்தது. 1960களின் இறுதிவரை அந்நாட்டு மில் முதலாளிகள் பலர் இதை இங்கிலாந்துக்காரர் நோய் என்றார்கள். 1969-இல் ஜவுளித்துறைப் பத்திரிகை ஒன்று, இது பணத்தாசை பிடித்த மருத்துவர்களின் கற்பனை என்றும், தாழ்ந்த இனத்தவருக்குத்தான் இப்படியெல்லாம் வரும் என்றும் பொருள்பட எழுதியது. கரோலினா மாநிலங்களில் மூச்சிழந்து வீட்டில் கிடந்த முன்னாள் தொழிலாளர்கள் 1975-இல் சங்கம் அமைத்தார்கள். 1978-இல் தூசிக்கு வரம்பு வந்தது: நூற்பு மில்லில் ஒரு கனமீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராம், நெசவில் 750. முதலாளிகள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். தொழிலாளியின் உடல்நலத்தைச் செலவுக் கணக்கோடு எடைபோட வேண்டியதில்லை என்று 1981-இல் தீர்ப்பு வந்தது. பின்னாளில் கணக்குப் பார்த்தபோது, பயந்த அளவு செலவாகவில்லை என்றும் தூசியை அடக்கிய புது இயந்திரங்கள் வேகமாகவும் ஓடின என்றும் தெரிந்தது.

அமெரிக்க விதிகளில் ஓர் அடிக்குறிப்பு வெள்ளகோவிலுக்கு நேராகப் பொருந்தும். கழிவுப் பஞ்சைத் தரம் பிரித்தல், கலத்தல், சுத்தம் செய்தல், கிழித்தல் ஆகிய வேலைகளுக்கு அங்கே அனுமதிக்கப்பட்ட வரம்பு ஒரு மில்லிகிராம், அதாவது 1,000 மைக்ரோகிராம். நூற்பு மில்லைப் போல 5 மடங்கு. கறாரான விதி என்று பெயரெடுத்ததே கழிவுப் பஞ்சுக்காரரிடம் வந்ததும் கையைத் தளர்த்திவிட்டது. கழிவில் உழைப்பவர் எந்த நாட்டிலும் கணக்கின் ஓரத்தில்தான் நிற்கிறார்.

நிரந்தரப் பாதிப்பு உண்டா, அல்லது பீடி சிகரெட்டின் பழியைப் பஞ்சின்மேல் போடுகிறோமா என்பது அடுத்த வாதம். இதற்கு நல்ல பதில் ஷாங்காயிலிருந்து வந்தது. 1981-இல் தொடங்கி 30 ஆண்டுகள், பஞ்சாலைத் தொழிலாளர்களையும் பட்டாலைத் தொழிலாளர்களையும் சேர்த்து ஏறத்தாழ 900 பேரை ஹார்வர்டின் டேவிட் கிறிஸ்டியானி குழுவினர் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். புகைக்காதவர் ஏராளமாக அதில் இருந்தார்கள். பஞ்சுக்காரரின் நுரையீரல் திறன் பட்டுக்காரரைவிட வேகமாகக் குறைந்தது; எண்டோடாக்சின் அதிகம் சுவாசித்தவருக்கு அதிகம் குறைந்தது. வேலையை விட்டபின் அந்தச் சரிவு தணிந்து, ஓரளவு மீட்சியும் தெரிந்தது. புகைப்பவருக்கு இரண்டும் சேர்ந்து கெடுத்தன.

அதே ஷாங்காயில் 2,67,000-க்கும் மேற்பட்ட பெண் ஜவுளித் தொழிலாளரிடையே நடந்த வேறொரு பெரிய ஆய்வு, 2007-இல் எதிர்பாராத முடிவைச் சொன்னது. எண்டோடாக்சினை நெடுங்காலம் சுவாசித்த பெண்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருந்தது. மூச்சைக் குறைக்கிற அதே பொருள் புற்றைத் தடுக்கிறதோ என்று இன்னும் ஆராய்கிறார்கள். இதை எடுத்துக்கொண்டு "பஞ்சுத்தூசி உடம்புக்கு நல்லது" என்று யாராவது மில் வாசலில் பேசினால் அது பெருந்தவறு. மூச்சடைப்பில் முடங்கியவருக்குப் புற்று வராதது ஆறுதலாகாது.

இந்தியாவுக்கு வருவோம். ஆமதாபாத்தின் தேசியத் தொழில்சார் நல நிறுவனத்தைச் சேர்ந்த பரிக் குழுவினர் 1980களில் அந்நகர மில்களில் ஆராய்ந்தபோது புளோரூம் தொழிலாளரில் சுமார் 30 விழுக்காட்டினருக்கும், கார்டிங்கில் சுமார் 38 விழுக்காட்டினருக்கும் பிசினோசிஸ் இருந்தது. மூன்றில் ஒருவர் என்ற கணக்கு. கோவையில் 1888-இல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கி, 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து மில்கள் பெருகிய கொங்கு நாட்டில், நான்கு தலைமுறையாகப் பஞ்சு நூற்கிறார்கள். ஆயினும் இந்த நோயின் பெயரை மருந்துச் சீட்டில் பார்த்த தொழிலாளி அரிது. "டஸ்ட் அலர்ஜிங்க", "சளி கட்டிக்கிச்சுங்க", "எளப்புங்க" என்றுதான் நோய் பேசப்படுகிறது.

சட்டத்தில் குறையில்லை. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலில் பிசினோசிஸ் இருந்தது. இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலும் இருந்தது. அட்டவணையில் உள்ள தொழில்நோய் வேலையிட விபத்துக்குச் சமமாகக் கொள்ளப்படும். அதாவது மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கி இ.எஸ்.ஐ.யில் இருக்கும் தொழிலாளி ஊனத் தொகை கேட்கலாம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் அறிவிக்கத்தக்க நோய்களில் ஒன்றாகவும் இது இடம்பெற்றது. நோயைக் கண்ட மருத்துவர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்று அதன் 89-ஆம் பிரிவு சொன்னது. எழுதாத மருத்துவருக்கு 1,000 ரூபாய் வரை அபராதம். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தொகுப்பும் நோயை அறிவிக்கும் கடமையைத் தொடர்கிறது; குறிப்பிட்ட வகைத் தொழிலாளருக்கு ஆண்டுதோறும் இலவச உடல்பரிசோதனையையும் சொல்கிறது.

அப்படியானால் நோய் எங்கே ஒளிகிறது? முதலில் எக்ஸ்ரேயில். மூச்சு வாங்குகிறது என்றதும் மார்பு எக்ஸ்ரே எடுக்கிறோம். கல்தூசியால் வரும் சிலிக்கோசிஸைப் போல இந்த நோய்க்கென்று தனி அடையாளம் அதில் விழாது. படம் சுத்தமாக இருப்பதைப் பார்த்து "நெஞ்சில் ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுவார்கள். இல்லையென்றால் நீண்ட நாள் இருமல் என்றதும் காசநோய்ச் சந்தேகம் வரும். பெருந்துறையில் காசநோய் சானடோரியம் இருந்த வட்டாரம் இது. அந்தப் பயம் வீட்டுக்கு வீடு உண்டு. சளியைச் சோதித்துக் காசநோய் இல்லை என்று உறுதி செய்வது சரியான முதல் வேலைதான். ஆனால் அது இல்லை என்றானபின் அடுத்த கேள்விக்குப் போகாமல் இருமல் மருந்தோடு நிறுத்திவிடுகிறோம்.

இரண்டாவதாக ஷிப்ட் முறையில். லங்காஷயரில் ஊரே ஞாயிறு ஓய்ந்து திங்கள் வேலைக்குப் போனது. அதனால் எல்லோருக்கும் ஒரே நாளில் நெஞ்சு இறுகியது, நோய் கண்ணில் பட்டது. 24 மணி நேரமும் ஓடும் நம் நூல் மில்லில் வார விடுப்பு ஆளுக்கொரு கிழமை. ஒருவருக்குச் செவ்வாய், பக்கத்து மிஷின்காரருக்கு வெள்ளி. பத்துப் பேருக்கு ஒரே தொல்லை இருந்தாலும் அது பத்து வெவ்வேறு நாளில் வருகிறது. விடுப்பே எடுக்காமல் ஓ.டி. பார்க்கிறவருக்கு முதல்நாள் என்று ஒன்று இல்லவே இல்லை. ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தவருக்குத்தான் கடுமையாகத் தெரியும். அதையும் "தண்ணி மாறினதுனாலே" என்று சொல்லிக்கொள்வார்.

மூன்றாவதாக ஆட்களின் வரத்துப்போக்கில். நோய் முற்றுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். மில்கள் இளம்பெண்களை ஒப்பந்தத்தில் எடுத்த சுமங்கலித் திட்டத்தில் மூன்றாண்டு விடுதியில் தங்கி வேலை பார்த்த பெண்கள் திருமணத்துக்காக ஊர் திரும்பினார்கள். இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வரும் இளைஞர்கள் ஒரு மில்லில் சில மாதம், இன்னொன்றில் சில மாதம். மூச்சு முட்டுகிறவர் முதலில் நின்றுவிடுகிறார். மில்லுக்குள் நின்று கணக்கெடுத்தால் தாக்குப்பிடித்தவர்கள் மட்டுமே கண்ணில் படுவார்கள். மற்றவர்களின் நோய் எங்கோ ஒரு கிராமத்தில் "ஆஸ்துமா"வாக எழுதப்படும். அந்தக் கிராமத்து மருத்துவருக்குக் கார்டிங் மிஷின் எப்படியிருக்கும் என்றே தெரியாது.

நான்காவது, நம் பழக்க வைத்தியம். பஞ்சு மில் வேலைக்காரர் தினம் வாழைப்பழம் சாப்பிட வேண்டும், ஒரு கட்டி வெல்லம் தின்ன வேண்டும், பஞ்சு உள்ளே தங்காமல் இறங்கிவிடும் என்பது தமிழ்நாடு முழுக்கப் புழங்கும் நம்பிக்கை. அன்போடு சொல்வதுதான். ஆனால் பழம் போவது உணவுக்குழலில். தூசி போவது மூச்சுக்குழலில். தொண்டையில் ஒட்டிய இழை வேண்டுமானால் வெல்லத்தோடு வயிற்றுக்குப் போகும். நுரையீரலின் நுனிக் கிளைகளில் படிந்த நுண்தூசியை எந்தப் பழமும் தொடாது. வெல்லத்தைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைப்பதில்தான் தீங்கு. இன்ஹேலரைப் பற்றிய பயம் இதன் மறுபக்கம். "அதை இழுத்தா பழகிரும்" என்று தள்ளிப்போட்டு, மாத்திரையிலும் ஊசியிலும் காலம் கழிப்பவர் பலர். சுருங்கிய மூச்சுக்குழலுக்கு மருந்தை நேராகக் கொண்டுசேர்ப்பது இன்ஹேலர்தான். அது போதைப்பொருள் அல்ல.

முகக்கவசத்தைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். நூல் அறாமலிருக்க மில்லுக்குள் காற்றை ஈரமாக வைக்கிறார்கள். அந்தப் புழுக்கத்தில் எட்டு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ இறுக்கமான கவசத்தோடு நிற்கச் சொல்வது எளிது, நிற்பது கடினம். துணிக் கவசமும் கழுத்துத் துண்டும் பறக்கும் இழையை மட்டும் தடுக்கும். தூசியை அது பிறக்கும் இடத்திலேயே உறிஞ்சுவதுதான் முதல் வேலை: கிழிக்கும் இயந்திரத்துக்கும் புளோரூமுக்கும் மூடாக்கு, கார்டிங்கின்மேல் உறிஞ்சுக்குழாய், அடைபடாத வடிகட்டி. மூட்டை பிரிப்பதைத் தனி அறைக்கு மாற்றலாம். ஷிப்ட் முடிவில் மிஷினையும் உடம்பையும் "ஏர் அடித்து"ச் சுத்தம் செய்யும் பழக்கத்தை நிறுத்தினாலே பெரிய வித்தியாசம் தெரியும். படிந்த தூசியையெல்லாம் ஒரே நிமிடத்தில் மூச்சுக்காற்றில் கலந்துவிடும் வேலை அது. வேறு வழி இருக்கும்போது அப்படி ஊதக் கூடாது என்று அமெரிக்க விதி அன்றே சொன்னது.

கண்டறிவதற்கும் பெரிய கருவி தேவையில்லை. ஒரு நொடியில் எவ்வளவு காற்றை ஊதித் தள்ளுகிறார் என்று அளக்கும் ஸ்பைரோமீட்டர் போதும். விடுப்பு முடிந்த முதல் நாள், ஷிப்டுக்கு முன்பு ஒருமுறை, ஆறு மணி நேரம் கழித்து ஒருமுறை. உலக சுகாதார நிறுவனம் 1983-இல் வகுத்த அளவுகோலின்படி இரண்டுக்கும் இடையில் 5 விழுக்காட்டுக்குமேல் குறைந்தால் தூசி வேலை செய்கிறது என்று பொருள். 10-ஐத் தாண்டினால் நடுத்தரம், 20-ஐத் தாண்டினால் கடுமை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பீக் ஃபுளோ மீட்டர் இவ்வளவு துல்லியமில்லை என்றாலும் முதல் சல்லடையாக உதவும். தமிழக அரசின் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' 2024 முதல் வேலையிடத்துக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. வெள்ளகோவில் வட்டாரத்து மில்லுக்குள் நுழையும் அந்தக் குழுவின் பையில் இந்த மீட்டரும், என்ன செக்‌ஷன், எத்தனை வருடம், எந்தக் கிழமை என்ற மூன்று கேள்விகளும் இருக்க வேண்டும் என்பதே நான் வற்புறுத்துவது. இந்தி, ஒடியா பேசுகிறவருக்கு அவர் மொழியில்.

சோதனை முடிவு வந்தபின் என்ன நடக்கும் என்பதைத் தொழிலாளி முன்பே யோசித்துவிடுவார். மூச்சு குறைகிறது என்று தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ, கார்டிங்கிலிருந்து கோன் பேக்கிங்குக்கு மாற்றினால் சம்பளம் குறையுமோ என்ற பயம் இருக்கும்வரை, நெஞ்சு இறுகுகிறதா என்ற கேள்விக்கு "இல்லீங்க" என்றுதான் பதில் வரும். நோயிலிருந்து மீளக்கூடிய கட்டத்தில் இடம் மாற்றினால் நுரையீரல் மீள வழியுண்டு என்பதை ஷாங்காய் காட்டிவிட்டது. சம்பளம் குறையாமல் அந்த மாற்றத்தைச் செய்வது மில் முதலாளியால் இயலும் காரியம். கவசம் அணிய முடியாத தொழிலாளியை, காலியிடம் இருந்தால், தூசி குறைந்த வேலைக்கு ஊதியக் குறைவின்றி மாற்ற வேண்டும் என்ற பிரிவை 1978-ஆம் ஆண்டின் அமெரிக்க விதியிலேயே எழுதிவைத்திருந்தார்கள்.